மேல் தலைமுறைச் சாட்சி

தேர்தல் வண்டி மறுகால் தெருவின் முனைக்கு வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிடும். தெருவைத் தாண்டி அரசமரத்தடிக்குப் போன பிறகு மறுபடி உயிர் வந்து, "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று முழங்கத் தொடங்கும். மறுகால் தெருவில் ஆள் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஓட்டுதான் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் தொண்டைத் தண்ணீரை வற்றவைக்க எந்தக் கட்சிக்கும் மனசு வரவில்லை.

நகராட்சிக் குழாயும் அப்படித்தான், முனைவரை வந்து நின்றுவிட்டது. ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் ஏக்கர் ஏக்கராக விரிந்து கிடக்கும் சூரியத் தகடுகளைப் பகலெல்லாம் துடைத்துவிட்டு வந்து, வடிவு குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த முனைக்கு நடப்பாள். "ஓட்டில்லாத தெருவுக்குக் குழாய் எதுக்கு" என்று யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இடுப்பில் குடம் கனக்கிறபோது அவளே சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இடதுகை ஆட்காட்டி விரலில் அந்த மை ஏற வேண்டும். அவள் கணவன் மாசிலாமணிக்கு ஏறும். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிற அவனுக்கு, அவன் அப்பா ஆபீசுக்குப் போய் ஒரே மூச்சில் சாட்சி சொல்லி ஓட்டு வாங்கித் தந்துவிட்டார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவன் வாக்குச்சாவடியிலிருந்து வந்ததும் அவள் அந்த விரலைப் பிடித்துவைத்துப் பார்ப்பாள். ஒருதரம் அவன் மை காய்வதற்குள் ஓடிவந்து அவள் விரலில் தேய்த்துப் பார்த்தான். ஒட்டவில்லை. "மைக்கும் விதி தெரிஞ்சிருக்கு பாரு" என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

விதி என்னவென்று அவளுக்கு விளக்கியது தாலுகா ஆபீசில் வாக்காளர் பதிவைப் பார்க்கும் லூர்துமேரி. முதல்முறை மனுப் போடப் போனபோது வடிவு ஒரு பை நிறையச் சான்றிதழ் கொண்டுபோயிருந்தாள். லூர்துமேரி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தாளெல்லாம் எதுக்கும்மா சுமந்துக்கிட்டு வாரீங்க? பிறந்த சான்று வேணும்னு பொட்டிக்கடைக்காரன் தன் போன்கிட்டச் சொன்னாப் போதும், அதுவே அவன் பாட்டனுக்குப் பாட்டன் வரைக்கும் ஒரு நொடியில பொய்யா அடிச்சுக் குடுத்துருது. நெசத் தாளு எது, பொய்த் தாளு எதுன்னு யாராலயும் சொல்ல முடியல. அதான் கவர்மென்ட்டு தாளையே தூக்கிட்டுது."

"அப்ப நான் நான்தான்னு எப்படி மேடம் காட்டுறது?"

லூர்துமேரி மேசைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். அதிலிருந்து ஒரு துணிப் பட்டை தொங்கியது. "உங்களைச் சின்னதுல இருந்து பாத்தவங்க ஒருத்தர் இந்தப் பட்டையைத் தலையில கட்டிக்கிட்டு உங்களைப் பாக்கணும். தெரிஞ்ச முகத்தைக் கண்டா மூளைக்குள்ள ஒரு துடிப்பு துள்ளும். நாம வேண்டாம்னாலும் துள்ளும். அதை மட்டும் எவனாலயும் பொய்யாச் செய்ய முடியல."

"யாரு வந்து பாக்கணும்?"

"மேல் தலைமுறையில இரத்த உறவு ஒருத்தர். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், யாருன்னாலும் சரி. வாயாலயும் 'ஆமா'ன்னு சொல்லணும், பொட்டியும் துள்ளணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அன்னைக்கே பேர் ஏறிரும். அப்புறம் ஆயுசுக்கும் அவங்களக் கூப்பிட மாட்டோம்."

"அவங்கெல்லாம் இல்லைன்னா?"

"செத்துட்டாங்கன்னு காட்டுனா, பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேர் போதும்."

வடிவு சான்றிதழ்ப் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். "அவங்க உயிரோடதான் இருக்காங்க மேடம். நான்தான் செத்துட்டேன்" என்றாள்.

அது உண்மைதான், போஸ்டர் அடித்து ஒட்டப்பட்ட உண்மை. ஊரில் அவர்கள் மேலத்தெரு. பதினெட்டு முடிந்ததும் அவள் கீழத்தெரு மாசிலாமணியோடு பஸ் ஏறிவிட்டாள். மறுநாளே பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் டீக்கடைச் சுவரிலும் 'கண்ணீர் அஞ்சலி' என்று அவள் படம் ஒட்டப்பட்டது. பள்ளிக்கூட விடைபெறும் விழாவில் எடுத்த படம், இரட்டைப் பின்னல், நல்ல சிரிப்பு. வீட்டு வாசலில் குடம் உடைத்தார்கள், குடும்பத்தோடு தலைமுழுகினார்கள். கூடப் படித்தவள் ஒருத்தி ஒரு போஸ்டரைக் கிழியாமல் உரித்து அனுப்பிவைத்தாள். தன் சாவுச் செய்தியைத் தானே படிக்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வடிவு அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா இறந்தபோது அவளை ஊர் எல்லையைத் தாண்ட விடவில்லை. சித்தப்பாவும் மாமாவும் முன்னமே போய்விட்டார்கள். மேல் தலைமுறையில் மிச்சம் அம்மா ஆவுடையம்மாள் ஒருத்திதான். அம்மா இருந்தது வடிவின் அண்ணன் சங்கரபாண்டியன் வீட்டில். அந்த வீட்டில் வடிவின் பெயரைச் சொல்லக்கூடாது.

"அழைப்பாணை அனுப்புவோம்" என்றாள் லூர்துமேரி. "வரலைன்னா அந்த வீட்டுக்கு ரேஷன் நின்னுரும், முதியோர் பணம் நின்னுரும். வந்துதான் ஆகணும். வந்து 'இல்ல'ன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு, அதையும் சொல்லிருதேன்."

அழைப்பாணை போனது. அம்மா வந்தாள்.

சாட்சி அறையை நடுவில் ஒரு கண்ணாடி பிரித்தது. இந்தப் பக்கம் மனுதாரர், அந்தப் பக்கம் சாட்சி. பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. அறைக்கு வெளியே கதவின் கண்ணாடிச் சதுரத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது. வடிவு அவனைப் பார்க்கவில்லை. வெளுத்த தலையும் வெற்றுக் கழுத்துமாக நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். எழுந்து ஓடிப்போய் அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. லூர்துமேரி பட்டையைக் கட்டிவிட்டு ஒதுங்கினாள். ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடி, நெற்றி, காது, கழுத்து, கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவங்க உங்க மகளாம்மா?"

"எனக்கு மக இல்ல. அவ போய்ச் சேந்துட்டா."

பெட்டியின் முள் துள்ளிப்போய் மேல் விளிம்பில் இடித்து நின்றது. திரையில் 'முரண்' என்று எழுத்து வந்தது. வாய் ஒன்று சொல்ல மூளை வேறொன்று சொன்னால் அதற்குப் பெயர் முரண். மனு தள்ளுபடி. அடுத்த ஆண்டு அதே சாட்சியை மறுபடி அழைக்க வேண்டும் என்பது விதி.

அடுத்த ஆண்டும் அழைத்தார்கள். அம்மா வந்தாள், பார்த்தாள், இல்லை என்றாள். முள் விளிம்பில் இடித்தது. அந்தமுறை அம்மா மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். வடிவு பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்கு அம்மா கட்டிவந்த புடவை. மூன்றாம் ஆண்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்ததில் லூர்துமேரியே, "பாத்தது போதும்மா, பதிலைச் சொல்லுங்க" என்று சொல்லவேண்டி வந்தது. அப்போதும் இல்லைதான்.

வடிவுக்கு வயிறு எரிந்தது. "சிங்காரிச்சுக்கிட்டு வந்துல்லா இல்லைங்கா" என்று பக்கத்து வீட்டுச் சுகந்தியிடம் புலம்பினாள். "வருஷா வருஷம் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, நெஞ்சறிய ஒரு பொய். வேற எந்தத் தாய் செய்வா?"

சுகந்தி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். பிறந்த வீட்டில் ஆணாக வளர்ந்து, தன் வழியைத் தானே தேடிக்கொண்டு பெண்ணாக இந்தத் தெருவுக்கு வந்தவள் அவள். "யக்கா, உங்களுக்குப் பொட்டியாவது துள்ளுது. எங்கம்மா வந்து உக்காந்து 'ஆமா, எம்புள்ளதான்'னு குலுங்கிக் குலுங்கி அழுதா. முள்ளு அசையவே இல்ல. அவ மனசுல இருக்கது வேற முகம்லா. எனக்கும் முரண்தான். உங்களுக்குப் பொட்டி, எனக்கு வாயி. ரெண்டையும் சேத்தா ஒரு ஓட்டுத் தேறும்."

மறுகால் தெரு முழுக்க இப்படித்தான். ஓடிவந்த பெண்கள், துரத்தப்பட்டவர்கள், பெற்றவர்கள் இன்ன ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் செங்கல் சூளைகளில் வளர்ந்தவர்கள். பெற்றவர்கள் செத்தது நிச்சயமானால் ஓட்டு உண்டு. உறவோடு கூடிக் குலாவினாலும் ஓட்டு உண்டு. நடுவில் கிடப்பவர்களைப் பற்றி விதி எழுதியவர்களுக்கு நினைப்பு வரவில்லை. யாரையும் தடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நாலாவது ஆண்டு நகராட்சித் தேர்தல் வந்தது. வடிவு மனுவைப் போட்டுவிட்டு, இதுதான் கடைசி என்று மாசிலாமணியிடம் சொன்னாள். "இதையேதான் போன வருஷமும் சொன்ன" என்றான் அவன்.

அம்மா அதே மாம்பழ நிறப் புடவையில் வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு வெளியே போனான். லூர்துமேரி பட்டையைக் கட்டும்போது அம்மா அவள் காதோடு ஏதோ சொன்னாள். லூர்துமேரி கொஞ்சம் தயங்கி, நாற்காலியைக் கண்ணாடிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டாள்.

அம்மா பார்த்தாள். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. மறந்துவிட்டாள், என்னைப் பெற்றவள் என்னை மறந்துவிட்டாள் என்று வடிவு நினைத்தாள். வாய் 'இல்லை' என்றபோதெல்லாம் முள் துள்ளிய அந்த ஒன்றைத்தான் அவள் உள்ளுக்குள் சாப்பாடாக வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஆவுடையம்மாள் நெற்றி கண்ணாடியில் முட்டும்படி குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடினாள். முள் மெல்ல எழுந்து, தேறும் அளவைக் குறித்த சிவப்புக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

"இவங்க உங்க மகளாம்மா?"

"ஆமா. எம் மக. வடிவு."

பச்சை விளக்கு எரிந்தது. வெளியே அண்ணன் கதவைத் தட்டினான். அம்மா எழுந்து லூர்துமேரியிடம், "இனிமே நான் வரவேண்டாம்லா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா" என்றாள் லூர்துமேரி. அம்மா சுவரைத் தடவிக்கொண்டே கதவுக்குப் போனாள். வயசாகிவிட்டது என்று வடிவு நினைத்துக்கொண்டாள். இத்தனை காலம் ஏங்கிய ஓட்டு கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

அந்தத் தேர்தலில் ஒலிபெருக்கி வண்டி முனையில் வந்து அணையாமல் தெருவுக்குள் நுழைந்தது. வார்டில் கடும் போட்டி, ஒவ்வொரு ஓட்டும் தங்கம் என்று பேச்சு. வேட்பாளர் இறங்கி வந்து வடிவைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் முனையில் நின்ற குழாயைக் காட்டினாள். தெருவுக்குள் கொண்டுவருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். சுகந்தி கதவிடுக்கிலிருந்து பார்த்துச் சிரித்தாள். வாக்குச்சாவடியில் அதிகாரி விரலில் மையை இழுத்ததும் வடிவு அதை ஊதி ஊதிக் காயவைத்தாள். வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி அந்த விரலைப் பிடித்துவைத்துப் பார்த்தான். வெற்றி பெற்றவர் வாக்குத் தவறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாடா பிடித்துத் தெருவை அளக்க ஆள் வந்துவிட்டுப் போனது.

மை நகத்தில் இருக்கும்போதே அவள் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு லூர்துமேரியைப் பார்க்கப் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். ஆனால் உட்கார்ந்ததும் வேறு கேள்வி வந்தது.

"மேடம், எங்கம்மாவுக்கு என்னை மறந்துக்கிட்டு வருதோ? முள்ளு ஏறவே இல்லியே."

லூர்துமேரி மிட்டாயைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள். "சாட்சி பேசுறதை வெளிய சொல்லக்கூடாது. உங்க பைலை மூடியாச்சு, அதனால சொல்லுதேன். முத வருஷம் நான் பட்டை கட்டும்போது உங்கம்மா காதோட காதா கேட்டாங்க. 'ஆமான்னு சொன்னா மறுபடி கூப்பிடுவியளா'ன்னு. இல்லம்மா, அதோட முடிஞ்சதுன்னேன். 'இல்லன்னு சொன்னா?' அடுத்த வருஷமும் வரணும், வரலைன்னா ரேஷன் நின்னுரும்னேன். 'அப்ப எம்மவன் கூட்டிட்டு வந்துதான ஆகணும்'னாங்க. அவ்வளவுதான் பேச்சு."

வடிவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாம்பழ நிறப் புடவை புரிந்தது. பாத்தது போதும்மா என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. மூன்று வருஷம் அவள் சாபமாக வாங்கிக்கொண்டு போன 'இல்லை' ஒவ்வொன்றும் அடுத்த வருஷம் வருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனது. வடிவு புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இந்த வருஷம் எதுக்கு மேடம் ஆமான்னா?"

"கண்ணு போயிக்கிட்டு இருக்கும்மா. அடுத்த வருஷம் வெளிச்சம்தான் தெரியும், முகம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். 'முகம் தெரியலைன்னா பொட்டி துள்ளாது. அப்புறம் எம்புள்ளைக்கு ஓட்டே இல்லாமப் போயிரும். பார்வை கெடக்கும்போதே சொல்லிருதேன். என்னைக் கிட்டத்துல உக்காரவை'ன்னாங்க. அதான் முள்ளு ஏறல. அவங்க ஒண்ணும் மறக்கல."

ஆபீசில் யாரோ ஒரு நாற்காலியை இழுத்தார்கள். வடிவு தன் விரலைப் பார்த்தாள். அதன் விலை இன்னதென்று இப்போதுதான் தெரிந்தது.

"மேடம், பேரை நீக்க மனு இருக்கா?"

"யார் பேரை?"

"என் பேரைத்தான்."

லூர்துமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு வருஷம் நாயா அலைஞ்சு வாங்குனது. பைத்தியமா உங்களுக்கு?"

"நீக்கிட்டு மறுபடி மனுப் போட்டா எங்கம்மாவை மறுபடி கூப்பிடுவீங்கல்லா?"

"கூப்பிட்டு? அவங்களுக்குப் பார்வை இருக்காது. எதைப் பாப்பாங்க?"

"அவ பாக்காண்டாம் மேடம். நான் பாத்துக்கிடுதேன்."

லூர்துமேரி திரையைத் தட்டி ஒரு மனுவைத் திறந்தாள். "ஓட்டு போயிருமே வடிவு" என்றாள், அதிகாரியாக அல்லாமல்.

"போயிரும். ஒருதரம் போட்டதே போதும்னு சொல்ல மாட்டேன். போதாது. இன்னும் எத்தனையோ போடணும்னு ஆசை இருக்கு. ஆனா அவளுக்கு எத்தனை வருஷம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? குழாய்க்கு நாடா பிடிச்சாச்சு. இனி மத்தவங்க கத்தட்டும்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு. இந்த மூணுதான். ஆசைப்பட்டு நீக்குறதுக்குக் கட்டம் இல்ல."

"இறப்புன்னு போடுங்க."

"அதுக்கு ஆதாரம் கேக்கும்மா."

மறுநாள் வடிவு டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் போஸ்டரை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். இரட்டைப் பின்னல், நல்ல சிரிப்பு, கண்ணீர் அஞ்சலி, கீழே வரிசையாகக் குடும்பத்தாரின் பெயர்கள். லூர்துமேரி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். "தாளை நம்பக்கூடாதுன்னு சட்டம்" என்றாள். "ஆனா ஓட்டுல சேக்கத்தான் தாளு செல்லாது. நீக்குறதுக்கு எந்தத் தாளும் செல்லும். அதுல மட்டும் யாரும் கைவைக்கல."

படம் பிடித்து ஏற்றினாள். பெயர் போய்விட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இனி உயிரோட இருக்கேன்னு மனுப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே லூர்துமேரி மேசை இழுப்பறையிலிருந்து தடித்த விதிப்புத்தகத்தை எடுத்தாள். "நேத்து நீங்க போன பிறகு மனசு கேக்கல. எடுத்துப் படிச்சேன். கண்ணு போகுதுன்னு உங்கம்மா சொன்னன்னைக்கே படிச்சிருக்கணும், எனக்குத் தோணல. சாட்சிக்குப் பார்வை இல்லைன்னா என்ன செய்யணும்னு ஒரு பத்தி இருக்கு. பாருங்க."

வடிவு குனிந்து படித்தாள். பார்வையற்ற சாட்சியின் விஷயத்தில் கண்ணாடித் தடுப்பு நீக்கப்படும். சாட்சி மனுதாரரின் முகத்தைத் தன் கைகளால் தொட்டறிய அனுமதிக்கப்படுவார். அப்போது எழும் துடிப்பே அளவாகக் கொள்ளப்படும்.

அவள் மறுபடி படித்தாள். பிறகு தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"பொட்டி துள்ளும் வடிவு" என்றாள் லூர்துமேரி. "வாய் என்ன சொல்லும்?"

"இல்லன்னுதான் மேடம் சொல்லுவா" என்றாள் வடிவு.